கன்வெர்ட்டருக்கு ஒரு திருஷ்டி முடிச்சு

இல்லை இல்லை, அந்த முக்குக்கடை மிக்சர்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை. அன்றைக்கு நம் தெருவே இருமியதற்கு அந்த மனிதர் காரணம் இல்லை. நீங்கள் மகள் வீட்டுக்குப் போயிருந்தீர்கள், அதனால் ஆளாளுக்கு ஒன்று சொல்லியிருப்பார்கள். மிளகாயை வறுத்தது எங்கள் வீட்டுக் கார். வறுக்கக் கொடுத்தது நான்.

சிரிக்காதீர்கள், இப்படி நிழலில் உட்காருங்கள். முதலிலிருந்து சொன்னால்தான் இது விளங்கும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் போனில் எழுதிக்கொள்கிறாள். "உங்க பேச்ச புக்ல வர்ற மாதிரி போட்டுடறேன் அத்தை, அப்போதான் எல்லாரும் படிப்பாங்க" என்றாள். போடட்டும். ஆனால் யார் யார் என்னென்ன பேசினார்களோ அதில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். மீன்காரம்மா பேசியதைத் திருத்தினால் அதில் மீன் வாசனையே இருக்காது.

என் மகனுக்கு மறைமலை நகர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. கார் சீட்டுக்கு உறை தைக்கிற பிரிவில் சூப்பர்வைசர். ஒரு காரில் அவனுக்கு முழுசாகத் தெரிந்தது சீட்டு மட்டும்தான். ஆனால் அவன் பேசுவதைக் கேட்டால் காரையே அவன்தான் பெற்று வளர்த்தான் என்று நினைப்பீர்கள். அப்படிப்பட்டவன் போன வருஷம் ஒரு பழைய காரை வாங்கி வந்தான். பழசு என்றாலும் டர்போ வண்டி. டர்போ என்றால் என்னடா என்று கேட்டேன். இன்ஜினிலிருந்து வெளியே போகிற புகையே ஒரு காற்றாடியைச் சுற்றுமாம், அந்தக் காற்றாடி இன்னும் காற்றை உள்ளே ஊதுமாம். அட, அடுப்புக்கு ஊதாங்குழல் மாதிரி என்றேன். "அதேதாம்மா, ஆனா அடுப்பே தனக்குத்தானே ஊதிக்கும்" என்றான். அந்த மாதிரி ஓர் அடுப்பு எனக்கு அந்தக் காலத்தில் இருந்திருந்தால் என் கண் இப்படிக் கெட்டிருக்காது.

வண்டி வந்த கொஞ்ச நாளிலேயே உள்ளே ஸ்டியரிங் பக்கத்தில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிய ஆரம்பித்தது. எனக்கு அதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம். பகலிலும் எரிந்தது, ராத்திரியிலும் எரிந்தது. வாடாவிளக்கு மாதிரி எப்போதும் எரிகிறதே, நல்ல சகுனம் என்று நினைத்து, வண்டியில் ஏறும்போதெல்லாம் முன்னால் எட்டி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மூன்று மாதம் கழித்துத்தான் மருமகள் கேட்டாள், "அத்தை, ஏன் அத கும்புடுறீங்க? அது வண்டிக்கு உடம்பு சரியில்லன்னு எரியற லைட்டு."

உடம்பு எவ்வளவு சரியில்லை என்பது குன்றத்தூர் மலையில்தான் தெரிந்தது. ஒரு கிருத்திகை அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் என் நாத்தனாரும் முருகனைப் பார்க்கப் போனோம். நாத்தனார் சிங்கப்பெருமாள் கோவிலில் வாழ்க்கைப்பட்டவள். என்னைவிட நாலு வயது சின்னவள், வாய் மட்டும் நாற்பது வயது பெரியது. மலைப்பாதையில் பாதி ஏறியதும் வண்டி மூச்சு வாங்கியது. மகன் மிதிக்கிறான், இன்ஜின் அழுகிறது, வண்டி நகரவில்லை. காவடி எடுத்துக்கொண்டு ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார். அவருக்குப் பின்னால் ஓர் ஆடு தாண்டிப் போனது. நாத்தனார் ஜன்னல் வழியாக அந்த ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"அண்ணி, நாம எறங்கி நடந்தா இந்த ஆட்டுக்கு முன்னாடி போயிடலாம் போல கீதே."

அன்றிலிருந்து அவள் போன் பண்ணினால் முதல் கேள்வி என் முழங்கால் வலி இல்லை. "வண்டி எப்பிடி கீது அண்ணி? நடக்குதா, இல்ல தவழுதா?"

மெக்கானிக் வந்து பார்த்தார். புகையைச் சுத்தம் பண்ணுகிற டப்பா அடைத்துவிட்டது என்றார். கன்வெர்ட்டர் என்று அதற்குப் பேர். எங்கள் வண்டியில் அது இரண்டு. பெரியது டர்போவின் வாயிலேயே மாட்டியிருக்கும். சின்னது வண்டியின் வயிற்றுக்கு அடியில் தள்ளி இருக்கும். பெரியது விடுகிற புகையைத்தான் சின்னது வாங்கிக்கொள்ள வேண்டும். மாமியார், மருமகள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமியார் நொறுங்கிப்போனால் அந்தத் தூள் எல்லாம் மருமகள் மேல்தான் போய் அடைக்கும். எழுதுகிறவள் என்னைப் பார்க்கிறாள். எழுதும்மா, உன்னைச் சொல்லவில்லை.

இரண்டையும் மாற்ற வேண்டும் என்றதும் என் மகன் சட்டைக் கையை மடித்துவிட்டான். "இதுக்கு எதுக்கு மெக்கானிக்? நானே வீட்ல மாத்துறேன். எட்டு வீடியோ பாத்துட்டேன்."

மருமகள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்னங்க, போன தடவ ஹால்ல ஃபேன் நீங்கதான மாட்டினீங்க? அது இன்னிக்கும் சுத்துறப்ப ஐயோ ஐயோன்னுதான் சத்தம் போடுது."

"ஃபேன் வேற, கார் வேறம்மா."

"ஆமா, ஃபேன் மேல தொங்கும். கார் உங்க மேல விழும்."

கடைசியில் அவள்தான் ஒரு பேச்சுக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பெருமாள் கோவிலில் நாத்தனாரின் பேரனுக்குக் காதுகுத்து. "இந்த வண்டியிலயே போகணும், இந்த வண்டியிலயே திரும்பி வரணும். நடுவுல ஒரு எடத்துல நின்னாலும், திங்கக்கெழம அஸ்தினாபுரம் பார்ட்டிகிட்ட சாவியக் குடுத்துடணும். சரியா?" அஸ்தினாபுரத்தில் ஒருவர் அந்த வண்டியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தார்.

"சரி" என்றான் மகன். நான் உரித்துக்கொண்டிருந்த பூண்டை அப்படியே முறத்தில் போட்டுவிட்டேன்.

ஏன் என்று கேளுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை முன்சீட்டு எனக்கு என்று அவன் வாக்குக் கொடுத்திருந்தான். நான் முப்பது வருஷம் தாம்பரம் மார்க்கெட்டில் காய் விற்றவள். விடிகாலையில் லோடு வண்டியில் மூட்டை மேல் உட்கார்ந்து வருவேன். பஸ்ஸில் ஏறினால் கூடையோடு கடைசிப் படிக்கட்டுப் பக்கம் நிற்பேன். பின்பக்கமாகவே உலகத்தைப் பார்த்தவள் நான். எங்கள் காரிலும் முன்சீட்டு மருமகளுக்குத்தான். அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தால் வாந்தி வரும். அதனால் சாமான் பைகளோடு சாமானாக நான் பின்னால். ஒரே ஒரு நாள் முன்னால் உட்கார்ந்து, கண்ணாடி வழியாக ரோடு என்னைப் பார்த்து ஓடி வருவதைப் பார்க்க வேண்டும், அப்படியே போய் நாத்தனார் வாசலில் இறங்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அந்த ஒரு நாளைக்கு இஞ்சிமிட்டாய் வாயில் போட்டுக்கொண்டு பின்னால் உட்காருகிறேன் என்று மருமகளும் ஒப்புக்கொண்டிருந்தாள். வண்டி நல்லபடியாக ஓடாவிட்டால் சீட்டும் இல்லை, வண்டியும் இல்லை.

புதன்கிழமை கூரியரில் இரண்டு பெட்டி வந்தது. பிரித்துப் பார்த்தால் பளபளவென்று இரும்பு. மாமியார் பானை மாதிரி, மருமகள் கூஜா மாதிரி. இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் மூடி போட்டிருந்தது. மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தேன். அடேயப்பா! பொடிப்பொடியாக ஆயிரம் ஓட்டை. வெளிச்சத்தில் பிடித்தால் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தெரிகிறது. எங்கள் வீட்டு இடியாப்ப நாழியின் அச்சு இதன் காலில் விழ வேண்டும்.

"டேய், இதுல மாவு போட்டுப் பிழிஞ்சா நூல் மாதிரி வருமாடா?"

"அம்மா! அதுல வெரலக்கூட வெக்காத. உள்ள பூசியிருக்கறது தங்கத்த விட ஒசந்த உலோகம்."

இதை அவன் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். வாசலில் மீன்காரம்மா நின்றுகொண்டிருந்தாள். கோவளம் பக்கத்திலிருந்து மொபெட்டில் வருகிறாளே, அவள்தான். அவள் காதில் விழுந்தால் ராஜகீழ்ப்பாக்கம் வரைக்கும் போய்விடும்.

"இன்னாக்கா, தங்கத்த வுட ஒசத்தியா? எங்க, காட்டு பாப்போம்!"

அவ்வளவுதான். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் எங்கள் வீட்டில் கூட்டம். கர்ப்பிணியைப் பார்க்க வருகிற மாதிரி வந்து பார்த்தார்கள். ஒருவர் தூக்கி எடை பார்த்தார். ஒருவர் தட்டிச் சத்தம் பார்த்தார். கோடிவீட்டு அம்மா பார்த்துவிட்டு, "நல்லாதான் கீது. நம்ம வூட்ல இதெல்லாம் எங்க" என்று ஒரு பெருமூச்சு விட்டாரே, அந்தப் பெருமூச்சில் பச்சை மரமே பட்டுப்போகும். நல்ல மனுஷிதான், ஆனால் கண் அப்படி. முன்பு என் பூசணிக்காயை அவர் பார்த்துவிட்டுப் போன மறுநாள் அது அழுகியது. என்ன செய்வது?

ஆகவே வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு ஒரு காரியம் செய்தேன். மூன்று காய்ந்த மிளகாய், ஒரு கை கல்லுப்பு, ஒரு கரண்டிக் கடுகு. பழைய வேட்டித் துணியில் போட்டுச் சின்னதாக முடிந்தேன். கூஜா மாதிரி இருந்ததே, சின்னது, அதன் வால் பக்கத்து மூடியைக் கழற்றி முடிச்சை உள்ளே தள்ளி, மூடியைப் போட்டுவிட்டேன். வண்டியில் ஏறுகிற வரைக்கும் காவலுக்கு இருக்கட்டும். சனிக்கிழமை காலையில் எடுத்து, இரண்டு டப்பாவுக்கும் மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டுவிடலாம் என்று கணக்கு.

சனிக்கிழமை காலையில் எனக்குப் பதவி உயர்வு வந்தது. அதில்தான் மறந்துபோனேன்.

மகன் வண்டியை வாசல் ஷெட்டில் நிறுத்தி, பேட்டரி வயரைக் கழற்றினான். ஜாக்கி வைத்துத் தூக்கி, இரும்பு முக்காலி மாதிரி இருக்கிற தாங்கிகளை அடியில் கொடுத்தான். பின்சக்கரம் உருளாமலிருக்க ஏதாவது கல் வேண்டும் என்றான். என் அம்மிக்குழவியையும் ஆட்டுக்கல் குழவியையும் கொண்டுவந்து இரண்டு சக்கரத்துக்கும் அண்டை கொடுத்தேன். மிக்ஸி வந்ததிலிருந்து சும்மா கிடந்தவை, அன்றைக்குத்தான் உத்தியோகம் பார்த்தன. பிறகு அவன் ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தான். தலை உள்ளே, கால் வெளியே.

"அம்மா, பதினாலு ஸ்பேனர் குடு!"

எனக்குப் பஸ் நம்பரே படம் மாதிரித்தான் தெரியும். ஸ்பேனரில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதியிருப்பதை நான் எங்கே கண்டேன்? நாலு தடவை மாற்றி மாற்றிக் கொடுத்தேன். ஐந்தாவது தடவை அவன் மூக்கின் மேலேயே போட்டேன். பிறகு நானே ஒரு வழி செய்தேன். முப்பது வருஷம் காய் விற்ற கை, ஒரு சாமானின் வாயைப் பார்த்தால் அதற்குள் எந்தக் காய் நுழையும் என்று தெரியாதா? எல்லா ஸ்பேனரையும் முறத்தில் வரிசையாக வைத்தேன். இது சுண்டைக்காய். இது கோவைக்காய். இது பிஞ்சுக் கத்திரிக்காய், இது முத்தல். மிகப் பெரியது எலுமிச்சம்பழம்.

"டேய், இனிமே நம்பர் சொல்லாத. காய் சொல்லு."

முதலில் சிரித்தான். பத்து நிமிஷத்தில் பழகிவிட்டது. அப்புறம் தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று கேட்டார்கள்.

"அம்மா, கோவக்கா!"

"இந்தா."

"இது போறாது. கத்திரிக்கா!"

"இந்தாடா. பிஞ்சா, முத்தலா?"

"முத்தல்!"

மருமகள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "வண்டி ரிப்பேரா, சாம்பாரா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

டர்போவின் வாயில் மூன்று நட்டு துருப்பிடித்து உட்கார்ந்திருந்தது. அவன் ஸ்பேனரில் தொங்கிப் பார்த்தான், உதைத்துப் பார்த்தான், அதனிடம் இங்கிலீஷில் பேசியும் பார்த்தான். நான் சொன்னேன், "எண்ணெய் அடிச்சுட்டு சும்மா வுடுடா. ஊறுகா ஜாடி மூடி என்னிக்காவது மொதத் திருப்புல தொறந்திருக்கா?" துரு எடுக்கிற எண்ணெயை அடித்துவிட்டு, இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து திருப்பினான். கீச்சென்று ஒரு சத்தம். வந்துவிட்டது. எனக்கு அப்போது வந்த பெருமை இருக்கிறதே, அந்தப் பெருமையில் முடிச்சு நினைவே அடியோடு போய்விட்டது.

பழைய மாமியாரை வெளியே எடுத்துக் குலுக்கினால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம். உள்ளே இருந்த அச்சு நொறுங்கிப்போயிருந்தது. பழைய மருமகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓர் ஓட்டையிலும் வெளிச்சம் இல்லை. அடைப்பென்றால் அப்படி ஓர் அடைப்பு. பாவம் அந்த வண்டி, வாயைப் பொத்திக்கொண்டு மலை ஏறு என்றால் எப்படி ஏறும்? ஆட்டை முந்தவில்லை என்று அதன் மேல் எனக்கிருந்த கோபம் அப்போதே போய்விட்டது.

புதுசு இரண்டையும் மாட்டினான். மூடியைப் படுத்தபடியே கழற்றி வெளியே எறிந்தான், உள்ளே பார்க்கவில்லை. புது வளையம் வைத்து, கோவைக்காயாலும் கத்திரிக்காயாலும் முறுக்கினான். புகையை மோந்து பார்க்கிற சென்சார் என்று விரல் அளவுக்கு இரண்டு, அதையும் திருகி வைத்தான். வண்டியைக் கீழே இறக்கி, பேட்டரி வயரை மாட்டினான். மணி நாலு இருக்கும். மருமகள் வாசலில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மத்தியான வியாபாரம் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த மீன்காரம்மாவும் மொபெட்டை நிறுத்தினாள்.

மகன் சாவியைத் திருப்பினான். முதல் திருப்பிலேயே இன்ஜின் பூனைக்குட்டி மாதிரி முனகியது. "பாத்தியா!" என்று மருமகளைப் பார்த்தான். அவள் முகத்தில்கூட ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்தது. சூடேறட்டும் என்று நாலைந்து நிமிஷம் ஓடவிட்டான். பிறகு லேசாக மிதித்தான்.

பட்.

வண்டிக்கு அடியிலிருந்து ஒரு சத்தம்.

பட். பட் பட். படபடபடபட!

மகன் முகம் சுண்டிப்போனது. "டர்போ போச்சா? ஐயோ, டர்போ போச்சா?" என்று குனிந்து அடியில் பார்க்கிறான். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு புகை வந்தது. மெல்லிசாக, நீலமாக, அழகாகத்தான் வந்தது. முதலில் மருமகள் இருமினாள். அடுத்து மகன். அடுத்து நான். அப்புறம் எதிர் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர். கோடிவீட்டு அம்மா ஜன்னலை அடைத்துக்கொண்டு, "எவன்டா அவன் வறுக்கிறது!" என்று கத்தினார். தெரு நாய் ஒன்று இரண்டு தும்மல் போட்டுவிட்டு ஓடியது. நாய் தும்மி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மகன் ஓடிப்போய் இன்ஜினை அணைத்தான். மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனை எடுத்தாள்.

"யாருக்கு போன் போடுற?"

"அஸ்தினாபுரத்துக்கு. நாளைக்கு வரைக்கும் எதுக்கு?"

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. மிளகாய், உப்பு, கடுகு, வேட்டித் துணி, ஒன்று விடாமல் வந்தது. சொன்னால் மகன் என்னை என்ன சொல்வானோ. சொல்லாவிட்டால் வண்டி போய்விடும். வாயைத் திறக்கிறேன், இருமல்தான் வருகிறது. அதற்குள் மீன்காரம்மா மூக்கைப் புடவையால் பொத்திக்கொண்டு வண்டியின் பின்னால் போய் மோந்து பார்த்தாள்.

"டர்போவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இது வரமொளகா நெடி! படபடன்னு பொரிஞ்சது கடுகு. மீன் கொழம்புக்கு தெனம் தாளிக்கிறவளுக்குத் தெரியாதா? இன்னாக்கா, சைலன்சர்ல தாளிச்சிகினு கீறீங்களா?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். ஆனால் உங்களிடம் மறைப்பானேன், எனக்கு வந்தது சந்தோஷம்.

"டேய், நெடி ஏறுதுடா! நல்லா ஏறுது!" என்றேன்.

உங்களுக்குத் தெரியாததா? சுற்றிப் போட்ட மிளகாய் நெருப்பில் நெடி அடிக்காவிட்டால்தான் திருஷ்டி இருக்கிறது என்று அர்த்தம். இப்படித் தெருவே இருமினால் துளி திருஷ்டிகூட இல்லை. கோடிவீட்டு அம்மாவின் கண் நல்ல கண்தான். பூசணிக்காய் தானாகத்தான் அழுகியிருக்கிறது.

மகன் மெதுவாகக் கேட்டான். "அம்மா. எங்க வெச்ச?"

"கூஜாவுக்குள்ள. வால் பக்கம்."

"எப்போ?"

"வெள்ளிக்கெழம. காலையில எடுத்துடலாம்னுதான் இருந்தேன். நீதான் என்னைக் கோவக்கா கோவக்கான்னு ஓட்டிட்ட."

அவன் போய்ச் சாக்கை மறுபடி விரித்தான். வண்டி ஆறுகிற வரைக்கும் காத்திருந்து, மறுபடி ஜாக்கி, மறுபடி தாங்கி, மறுபடி குழவி. அடியில் போய்ப் படுத்து, கையை வெளியே நீட்டினான்.

"கத்திரிக்கா குடு."

குரலில் கோபமா, என்னவென்று தெரியவில்லை. முத்தலாகப் பார்த்துப் பயபக்தியோடு கொடுத்தேன். பின்பக்கத்து இரண்டு நட்டைக் கழற்றி, குறடு விட்டு இழுத்தான். கருகிப்போன முடிச்சு வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு அடியிலேயே படுத்திருந்தான். வண்டி லேசாக ஆடியது. அழுகிறானோ என்று குனிந்து பார்த்தேன். சிரிக்கிறான்! வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்து, தலையை வண்டியில் இடித்துக்கொண்டு, அதற்கும் சிரிக்கிறான். "தங்கத்த விட ஒசந்த தாளிப்புக் கரண்டிம்மா ஒனக்கு!"

மருமகள் அந்தக் கரி முடிச்சை வாங்கிப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு குழவியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள், அப்படி ஒரு சிரிப்பு. ஆனாலும் கெட்டிக்காரி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதெல்லாம் சரி. நாளைக்குப் போயிட்டு வரட்டும். பேச்சு பேச்சுதான்" என்றாள்.

துணியும் மிளகாயும் வந்துவிட்டன. கடுகு எல்லாம் வரவில்லை. கொஞ்சம் சைலன்சருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அது போகப் போக வந்துவிடும், ஒன்றும் ஆகாது என்றான் மகன்.

ஞாயிற்றுக்கிழமை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன்சீட்டில் ஏறினேன். முதலில் மஞ்சள் விளக்கைத் தேடினேன். இல்லை. கும்பிட ஒன்றும் இல்லாமல் மகனையே ஒரு தடவை கும்பிட்டேன். "பெல்ட் போடும்மா" என்றான்.

முன்சீட்டைப் பற்றி என்ன சொல்வேன்! ரோடு முழுக்க எனக்கே போட்ட மாதிரி இருந்தது. பெருங்களத்தூர் மேம்பாலம் வந்தபோது குன்றத்தூர் ஞாபகம் வந்து சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மகன் மிதித்தான். உய்ய்ய் என்று ஒரு விசில் மாதிரி சத்தம், டர்போ ஊதுகிற சத்தமாம். என் முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. பாலம் எப்போது ஏறினோம், எப்போது இறங்கினோம் என்றே தெரியவில்லை. ஆடு ஏதாவது முந்துகிறதா என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் மருமகள் இஞ்சிமிட்டாயைச் சப்பிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நாத்தனார் வாசலில் பந்தல் போட்டு, சொந்தக்காரர்கள் எல்லாம் நின்றிருந்தார்கள். வண்டி போய் நின்றது. நான் உடனே இறங்கவில்லை. எல்லோரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நாத்தனார் வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தாள்.

"அட, நடந்தே வந்துடுச்சு போல கீதே! எந்த ஊர்ல தள்ளினீங்க அண்ணி?"

அவள் பின்பக்கம் போகவும், மகன் வண்டியை ஓரம் கட்டலாம் என்று லேசாக மிதித்தான். பட் பட் என்று மிச்சமிருந்த கடுகு இரண்டு வெடித்தது. அதோடு எங்கேயோ ஒட்டிக்கொண்டிருந்த மிளகாய் விதையும் கருகியிருக்க வேண்டும். ஒரே ஒரு மூச்சுப் புகை. சரியாக நாத்தனார் முகத்துக்கு நேராக.

எட்டுத் தும்மல். நான் எண்ணினேன்.

"இன்னா அண்ணி இது, இப்பிடி நெடி ஏறுது!"

அப்போதுதான் மெதுவாகக் கதவைத் திறந்து இறங்கினேன். "நெடி ஏறுதா? அப்ப சந்தோஷம். ஒன் கண்ணு எங்க வண்டி மேல படவேயில்ல. நான்தான் ஒன்னத் தப்பா நெனச்சிகினு இருந்தேன்."

அவளிடமிருந்து ஒன்பதாவது தும்மல்தான் வந்தது.

திரும்பி வருகிற வழியில்தான் வேடிக்கை. மறைமலை நகர் தாண்டியிருப்போம். வண்டி வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. நான் முன்னால் உட்கார்ந்து, எதிரே வருகிற லாரிக்கெல்லாம் கையசைத்துக்கொண்டிருக்கிறேன். பின்னாலிருந்து மருமகள் சொன்னாள்:

"என்னங்க, வண்டிய நிறுத்துங்க."

"நிறுத்தக் கூடாதுன்னு நீதான சொன்ன?"

"ஐயோ, நிறுத்துங்களேன்!"

கேசரியும் பின்சீட்டும் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மகன் ஓரம் கட்டினான். புளியமரத்தடியில் அவள் குனிந்து நிற்க, நான் முதுகைத் தடவிவிட்டு, வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தேன். அவள் நிமிர்ந்தாள். நான் அவளைப் பார்த்தேன், அவள் வண்டியைப் பார்த்தாள்.

"நடுவுல நின்னுடுச்சேம்மா" என்றேன்.

"அது நிக்கல அத்தை. நான்தான் நின்னேன்" என்றாள்.

பிறகு அவளை முன்சீட்டில் உட்காரவைத்து, நான் பின்னால் போய்விட்டேன். போதும். ஒரு வழி உட்கார்ந்தாகிவிட்டது. பின்சீட்டில் காலை நீட்டி, நாத்தனார் கட்டிக்கொடுத்த முறுக்குப் பையைப் பிரித்து வைத்துக்கொண்டு வந்தேன். முன்சீட்டில் காலை நீட்ட முடியாது, தெரியுமா? பெல்ட் போட்டுக்கொண்டு முறுக்கும் தின்ன முடியாது, தூள் எல்லாம் மடியில் விழுகிறது. வண்டலூர் வந்தபோது மருமகளே அஸ்தினாபுரத்துக்குப் போன் போட்டாள். வண்டி விற்கிற மாதிரி இல்லை, வேறு பாருங்கள் என்று சொல்லிவிட்டாள். என்ன, தலையாட்டுகிறாயே, எழுது, அப்படித்தானே சொன்னாய்?

இப்போது அடுத்த கிருத்திகைக்குக் குன்றத்தூர் போகலாம் என்கிறான் மகன். நாத்தனாரும் வருகிறாளாம். அவளை எந்தப் பக்கம் உட்காரவைப்பது என்றுதான், ஐயோ, தூறல் போடுகிறதா என்ன? கையை நீட்டிப் பாருங்கள். ஆமாம், தூறல்தான்! மொட்டை மாடியில் மூன்று கிலோ மிளகாய் காய்கிறது. எழுதினது போதும், போனை வைத்துவிட்டு நீயும் வாம்மா, அந்தச் சாக்கை எடுத்துக்கொள். வண்டிக்கு அடியில் விரித்தோமே, அதை இல்லை, இன்னொன்றை!